ஐயர் அவர்களுக்கு, ‘விசாரிக்கிறது’ பற்றி

அன்புள்ள போதகர் ஐயர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். ஐயரம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இதைப் பொதுவில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தனியாகச் சொன்ன பேச்சு என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டேன்.

போன ஞாயிறு யாக்கோபு நிருபத்திலிருந்து, திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் “விசாரிக்கிறது” பற்றிப் பிரசங்கித்தீர்கள். நம் பக்கத்தில் விசாரிப்பது என்றால் வீடு தேடிப் போய், ‘சாப்பிட்டியா, எப்படி இருக்க’ என்று கேட்பது. ஆனால் ஒரு பிள்ளை சபைக்குள் நடந்ததைச் சொல்ல வாய் திறந்தால், நாம் விசாரிப்பது போலீஸ் விசாரணை மாதிரி. யாரையும் குறை சொல்லவில்லை, நானே அப்படித்தான் செய்தேன்.

பல வருடங்களுக்கு முன், வேறொரு ஊரில், ஞாயிறு பள்ளி முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. வசன அட்டையின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு பெரியவரைச் சொல்லி, அவர் இருந்தால் பாட்டுப் பழக வரமாட்டேன் என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, “நீ ஏன் தனியா போன?” அதற்குமேல் அவள் பேசவே இல்லை. கமிட்டிக்காரர்களிடம் சொன்னேன். சபையின் பெயர் கெட்டுவிடக் கூடாது, ஜெபிப்போம் என்றார்கள். நானும் ஜெபித்தேன். அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டது. பெரியவர் கடைசிவரை முன் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

டோனாவூரில் பிள்ளைகளை மீட்டு வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாள் கதையை நாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! 1901-இல் கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்ட வைத்திருந்த ஏழு வயது பிரீனா அவரிடம் தப்பி வந்தாள். அதற்கு முன் ஒருமுறை தூத்துக்குடிக்கு ஓடிப் பெற்ற தாயிடமே போயிருக்கிறாள். தாய் திருப்பி ஒப்படைத்துவிட்டாள், கையில் சூடு விழுந்தது. பிள்ளை பிடிக்கிறவள் என்று பேர் வாங்கியும் அம்மாள் பின்வாங்கவில்லை. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. இந்தக் கதையைச் சொல்ல நமக்கு ஆசை. தப்பு நடந்தது அடுத்தவர் கோயிலில் அல்லவா? பிரீனாவைத் திருப்பி ஒப்படைத்த தாயின் இடத்தில் நான் நின்றிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று.

இப்போது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இருக்கிறது, 2012-இலிருந்து. தெரிந்தும் போலீசில் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் இருப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. கமிட்டி கூடிப் பேசி முடிக்க இதில் ஒன்றுமே கிடையாது. போலீஸ் வந்தால் பிள்ளை பயந்துவிடும் என்பார்கள். சீருடை போடாமல், பிள்ளையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி வருகிறது. பாட்டுப் பழகும் அறைக் கதவு திறந்தே இருக்கட்டும். ஆசிரியர் கூட்டத்தை எப்போது வைத்தாலும், முட்டி வலியோடாவது நான் வந்து, எந்தக் கேள்வியை முதலில் கேட்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம், வாசல் பலகையில் பிள்ளைகள் உதவி கேட்டு அழைக்கும் 1098 என்ற எண்ணை எழுதி ஒட்ட வேண்டும். இடம் இல்லையென்றால் காணிக்கைப் பட்டியலைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொள்ளலாம். எண் பிள்ளைகளின் கண்மட்டத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய ஞாயிறு பள்ளி டீச்சர்