கத்தரிக்கோலோடு கணக்கும் சொல்லிக் கொடுங்கள்: அழகுக்கலைப் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

அழகுக்கலைப் பயிற்சி நிலையங்களை நடத்துவோருக்கு வணக்கம்.

உங்களிடம் படித்து முடித்தவர்களை வேலைக்கு எடுப்பவள் நான். அவர்களுடைய கைவேலையில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் அவர்களில் பலரும் வருவது நிரந்தர வேலைக்கு அல்ல. கொஞ்ச காலம் பழகிவிட்டுச் சொந்தமாகப் பார்லர் போடத்தான். அந்த ஆசையைச் சொல்லித்தானே நீங்களும் ஆள் சேர்க்கிறீர்கள்? அப்படியென்றால் கடை நடத்தும் பாடம் எங்கே?

யோசனை கேட்டு வருகிறவர்கள் முதலில் காட்டுவது கண்ணாடியும் விளக்கும் சுவர் நிறமும்தான். ஒரு சேர் நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். காலியாகக் கிடக்கும் சேருக்கும் வாடகை உண்டு. ஹேர் கலரிங்குக்குப் பில் பெரிதாக வரும். ஆனால் சேர் மூன்று மணி நேரம் அடைபட்டு, சாயத்துக்கும் அதோடு கலக்கும் டெவலப்பருக்கும் ஆன செலவையும் கழித்துப் பார்த்தால், அதே நேரத்தில் நாலு ஹேர்கட் செய்திருக்கலாமோ என்று தோன்றும். சாயம் ஊறுகிற அரை மணியில் இன்னொருவரைக் கவனித்தால் கணக்கே வேறு. இதைப் போட்டுக் காட்ட ஒரு கரும்பலகை போதும்.

புதுக் கடைகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பேக்கேஜ்தான் என்பது என் எண்ணம். பத்து ஃபேஷியலுக்கு முன்பணம் கட்டினால் சலுகை என்று போர்டு வைக்கிறார்கள். திறந்த மாதமே கல்லா நிறைகிறது. அந்தப் பணத்தில் இன்னொரு சேர், பெரிய ஏசி. நாலைந்து மாதம் கழித்துப் பார்த்தால் கடையில் கூட்டம் இருக்கிறது, வரவு இல்லை. வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள். கிரீமும் சம்பளமும் மட்டும் புதிதாகச் செலவாகின்றன. முன்பணம் வருமானமல்ல, செய்து கொடுக்க வேண்டிய வேலைக்கான கடன். ஒவ்வொரு முறை செய்து முடித்த பிறகுதான் அதில் ஒரு பங்கு நம்முடையது. இந்த ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பினாலே பாதிக் கடைகள் பிழைக்கும்.

ஆஃபரும் அப்படித்தான். நூறு ரூபாய் பில்லில் இருபது ரூபாய் மிஞ்சும் கடை இருபது சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், அன்றைய உழைப்பு இலவசம்.

பாதுகாப்பையும் வியாபாரப் பாடமாகவே நடத்துங்கள். பல தலைச்சாயங்களில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். 48 மணி நேரம் முன்பே தோலில் தடவிச் சோதிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் இன்றே வேண்டும் என்று வந்து நிற்பவரிடம், மனம் கோணாமல் "நாளை மறுநாள் வாங்க" என்று சொல்வது எப்படி? அதை யாரும் சொல்லித் தருவதில்லை. முடியை நேராக்கும் சில ஸ்ட்ரெய்ட்டனிங் மருந்துகள் சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. வாடிக்கையாளர் வந்து போய்விடுவார். நாள் முழுக்க அதைச் சுவாசிப்பது வேலை செய்பவர். ஆகவே அலங்கார விளக்குக்கு முன்னால் காற்றை வெளியேற்றும் மின்விசிறிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இது ஒன்றும் புதுமையான கோரிக்கை அல்ல. வீட்டு வேலை செய்து வந்த மார்த்தா மாட்டில்டா ஹார்ப்பர் 1888இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் தன் கூந்தல் நிலையத்தைத் திறந்தார். சில ஆண்டுகளில் தன் பெயரில் கிளைகள் நடத்தப் பெண்களுக்கு உரிமை கொடுத்தார். அவர்களில் பலர் அவரைப் போலவே வீட்டு வேலை செய்தவர்கள். தலை அலசக் கற்றுக் கொடுத்ததோடு நிறுத்தாமல், கடையை நடத்தும் முறையையும் சேர்த்தே கொடுத்தார்.

நான் கேட்பது இவ்வளவுதான். சான்றிதழ் கொடுக்குமுன் ஒவ்வொரு மாணவரும் இரண்டு சேர் உள்ள ஒரு கற்பனைக் கடைக்கு ஆறு மாத வரவு செலவு எழுதித் தரட்டும். ஒரு மாதம் கூட்டமே இல்லை என்று வைத்து எழுதட்டும். நல்ல கைக்காரர் ஒருவர் திடீரென நின்றுவிட்டார், அவரோடு அவருடைய வாடிக்கையாளர்களும் போய்விட்டார்கள் என்றும் வைத்து எழுதட்டும். திருத்துவதற்குக் கடை நடத்துகிற ஒருவரைக் கூப்பிடுங்கள். வார நடுவில் கூப்பிட்டால் நானே வருகிறேன். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்று சேர் காலியிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களை வேலைக்கு எடுக்கும் ஓர் அழகு நிலைய உரிமையாளர்