கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேள்வித்தாளோடு வரும் ஆய்வாளர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை நான். ஸ்மார்ட்போனும் சமூக ஊடகமும் வளரிளம் பிள்ளைகளின் மனதை என்ன செய்கின்றன என்று கண்டறிய எங்கள் பக்கம் வருகிறீர்கள். நல்லது, வாருங்கள். ஆனால் படிவத்தின் முதல் கேள்வி "தினமும் எத்தனை மணி நேரம் போன் பார்ப்பாய்?" என்றிருந்தால், பஸ் ஏறும் முன்பே அந்தத் தாளைக் கிழித்துவிடலாம்.

இங்கே பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அப்பா கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். இரவு அவர் வந்த பிறகு அம்மா, அக்கா, தம்பி என்று கை மாறும். அந்தத் தம்பி "மூணு மணி நேரம்" என்று எழுதுவது வாய்க்கு வந்த கணக்கு. இதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. இதுபற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2021-ல் ஒரு குழு அலசியது. ஆட்கள் சொன்ன நேரமும் கருவியில் பதிவான நேரமும் அரைகுறையாகத்தான் ஒத்துப்போயின.

அதற்கு முன்பே, 2019-ல், ஆய்வாளர்களான ஏமி ஓர்பெனும் ஆண்ட்ரூ பிரிஷிபில்ஸ்கியும் அமெரிக்க, பிரிட்டன் பிள்ளைகள் மூன்றரை லட்சம் பேரின் தரவைப் பார்த்தார்கள். பிள்ளைகளின் நலத்தில் காணும் ஏற்ற இறக்கத்தில் அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான் திரையோடு ஒட்டி வந்தது. உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு! இதைக் காட்டி "போனால் ஒன்றும் கெடாது" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சராசரிக்குள் ஒரு பிள்ளையின் தவிப்பு கரைந்துபோகும். மனச்சோர்வு வந்ததால் போனுக்குள் ஒளிகிறாளா, போனால் சோர்ந்தாளா என்பதை ஒரே நாளில் நிரப்பி வாங்கும் படிவம் சொல்லாது. அதே பிள்ளைகளை இரண்டு மூன்று வருடமாவது தொடர்ந்து பாருங்கள்.

மணிக்கணக்கை விட்டு வேறு கேளுங்கள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு போன் யார் கையில்? தூக்கம் எவ்வளவு? உன் போட்டோவை உன்னைக் கேட்காமல் யாராவது குரூப்பில் போட்டார்களா? பெண் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். பிள்ளைகளின் கல்வி நிலையைப் பார்க்கும் 2024 ஏசர் (ASER) கிராமப்புறக் கணக்கெடுப்பில், போனை இயக்கத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பையன்களில் சுமார் 36 விழுக்காட்டினரிடம் சொந்தப் போன் இருந்தது. பெண் பிள்ளைகளில் சுமார் 27. அண்ணன் போனை ரகசியமாக எடுத்துப் பார்க்கும் பெண்ணின் பயம் அவனுக்கு இருக்காது.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுத்ததிலிருந்து "இங்கேயும் அப்படி வராதா டீச்சர்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். 2020 ஜூனில், கொரோனாவால் பள்ளி மூடியிருக்க, கேரள அரசின் 'ஃபர்ஸ்ட் பெல்' டிவி, ஆன்லைன் வகுப்புகள் தொடங்கியபோது, கடன் வாங்கியாவது போன் வாங்கச் சொன்னதும் நாங்கள்தானே. எந்த முகத்தோடு பதில் சொல்வது?

இன்னொன்று. தமிழ்நாட்டு ஆய்வுக்கு நாங்கள் வெளியூர். கேரள ஆய்வில் மலையாளவழிப் பள்ளிகளிலேயே மாதிரி நிரம்பிவிடும். எங்கள் பிள்ளைகளைத் தனி வரிசையாகக் காட்டுங்கள். முடிவைத் தமிழில் அச்சடித்து பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்க) கூட்டத்தில் நீங்களே வந்து வாசியுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கிறோம், அன்றைக்குத்தான் அப்பாக்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை