உறையில் போட்டாவது அனுப்புங்கள்

உயர் நீதிமன்றத்தின் மாண்பமை நீதியரசர்களுக்கும், குழந்தைகள் பாதுகாப்புப் பணியைக் கவனிக்கும் அரசுத் துறையின் உயர் அலுவலர்களுக்கும் வணக்கம்.

இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒருவருக்கு வந்ததை மற்றவருக்குக் காட்டுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் 34 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது ஒன்பது வயதுப் பேத்தி என்னிடம் வளர்கிறாள். அவள் பெயரையோ எங்கள் ஊரையோ இங்கே எழுதவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் எழுதியிருக்கமாட்டேன்.

சென்ற வாரம் குடும்ப நல நீதிமன்றத்தில், அவளை யார் வளர்ப்பது என்ற வழக்கில், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஒரு வாதம் வைத்தார். குழந்தை நடந்ததைச் சொல்லவில்லையாம், ஒப்பிக்கிறாளாம். ஆலோசகரிடம் சொன்ன அதே சொற்கள், அதே வரிசை, ஓரிடத்திலும் தடுமாற்றம் இல்லை. ஆகவே பாட்டி சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றார்.

ஒப்பிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வேலைக்காலம் முழுவதும் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்டவள் நான். வழக்கறிஞர் சொன்னதில் பாதி உண்மை. என் பேத்தி ஒப்பிக்கத்தான் செய்தாள். ஒப்பிக்கப் பழக்கியது நானல்ல. தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்: நீங்கள்தான்.

எண்ணிப் பார்த்தேன். தோளில் இருந்த தடிப்பைப் பார்த்துவிட்டுக் கேட்ட வகுப்பாசிரியையிடம் முதல் முறை சொன்னாள். பிறகு நான் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தேன். வந்தவர்களிடம் இரண்டாம் முறை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்த சமூகப் பணியாளரிடம் மூன்றாம் முறை. மகளிர் காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, பள்ளித் தலைமையாசிரியர் என்று ஆறு ஆயிற்று. அதன் பிறகு வழக்கு குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஓர் ஆலோசகர். அவர் மாறிப் போனதும் அவர் இடத்துக்கு வந்த இன்னோர் ஆலோசகர். கடைசியில் நீதிபதியின் அறை. ஒன்பது வயதுக்கு ஒன்பது முறை.

முதல் முறை அவள் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டுப் பாவாடை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பெல்ட் என்ற சொல்லே வரவில்லை. "அப்பா இடுப்பில் கட்டுவது" என்றாள். எத்தனை அடி என்று கேட்டதற்கு, தெரியாது, கண்ணை மூடிக்கொண்டேன் என்றாள். ஒன்பதாம் முறை என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் இடது தோளில் மூன்று முறை அடித்தார்." இது குழந்தையின் வாக்கியமா? அலுவலகத்தின் வாக்கியம். எந்தத் தோள், எத்தனை முறை, எதனால் என்று ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க, உங்கள் கேள்விகளிலிருந்தே அவள் பொறுக்கிச் சேர்த்துக்கொண்ட வாக்கியம். அதையே இப்போது அவளுக்கு எதிராகப் படிக்கிறார்கள்.

தடுமாறித் தடுமாறிச் சொன்ன அந்தப் பழைய சொற்கள் எங்கே? இருக்கின்றன. சமூகப் பணியாளராக வந்த பெண் கெட்டிக்காரி. எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, குழந்தையோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டே கேட்டாள். "இடுப்பில் கட்டுவது" என்பதை அப்படியே எழுதிக்கொண்டாள். சட்டம் கொடுத்த 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கையையும் கொடுத்துவிட்டாள். அந்த அறிக்கை குழந்தைகள் நலக் குழுவின் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. மிகவும் பத்திரமாக.

எங்கள் ஊரில் நீதிமன்ற வளாகம் சாலைக்கு இந்தப் பக்கம்; குழுவின் அலுவலகம் அந்தப் பக்கம். நடுவில் ஒரு டீக்கடையும் ஒரு செராக்ஸ் கடையும். நீதிமன்றத்தில் கேட்டால், அறிக்கை எங்கள் முன் இல்லை, நீங்கள்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறார்கள். குழுவில் கேட்டால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 99ஆம் பிரிவின்படி அது ரகசியம், தனி ஆளிடம் நகல் தர முடியாது என்கிறார்கள். நீதிமன்றத்துக்கே அனுப்பிவிடுங்களேன் என்றேன். அவர்கள் எழுதிக் கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். மறுபடி சாலையைக் கடந்து வந்தேன். எழுதிக் கேட்க மனுப் போடுங்கள் என்றார்கள். மனுப் போட்டாயிற்று. மூன்று வாய்தா போயிற்று. செராக்ஸ் கடைக்காரருக்கு மட்டும் என் வழக்கின் நிலவரம் முழுவதும் தெரியும்.

பொழுது போகாமல் அந்தச் சட்டங்களை நானே வாங்கிப் படித்தேன். 99ஆம் பிரிவு அறிக்கையின் சாரத்தை வேறொரு குழுவுக்கோ, இளைஞர் நீதிக் குழுமத்துக்கோ, குழந்தைக்கோ, பெற்றோருக்கோ, பாதுகாவலருக்கோ தெரிவிக்கலாம் என்கிறது. குடும்ப நல நீதிமன்றம் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. சரி, 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் என்ன சொல்கிறது? 12ஆம் பிரிவு, குடும்ப நலப் பணியில் தேர்ந்தவர்களின் உதவியை நீதிமன்றம் பெறலாம் என்கிறது. 14ஆம் பிரிவு, வழக்கைத் தீர்க்க உதவும் எந்த அறிக்கையையும் சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடு இல்லாமல் ஏற்கலாம் என்கிறது. வாங்கிக்கொள்ள ஒரு கை நீட்டியபடி இருக்கிறது. கொடுக்க வேண்டிய கை அலமாரிச் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். இளைஞர் நீதிச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே, வேறு சட்டங்களில் என்ன இருந்தாலும் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் விஷயத்தில் தானே செல்லும் என்கிறது. குடும்ப நீதிமன்றங்கள் சட்டமும் 20ஆம் பிரிவில், வேறு சட்டங்களில் என்ன இருந்தாலும் தானே செல்லும் என்கிறது. இரண்டு மாமியார் உள்ள வீட்டில் மருமகளாக வாழ்க்கைப்பட்டது போலிருக்கிறது எங்கள் பாடு.

நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. குழு எனக்குக் கொடுத்த உத்தரவில், குழந்தையைத் தந்தையோடு தனியே விடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவில், சனிக்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை தந்தையிடம் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இரண்டிலும் முத்திரை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் நான் எந்த உத்தரவை மீற வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். நீதிபதி அம்மையாரை நான் குறை சொல்லவில்லை. கண்முன் வராத காகிதத்தை அவர் எப்படிப் படிப்பார்?

ஆகவே நான் கேட்பது இதுதான். குழந்தையை யார் வளர்ப்பது, யார் பார்ப்பது என்ற வழக்கு எதுவானாலும், முதல் வாய்தாவிலேயே, இந்தக் குழந்தையைப் பற்றிக் கோப்பு ஏதும் உண்டா என்று நீதிமன்றமே மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்க வேண்டும். உண்டென்றால், குறித்த நாளுக்குள் குழு அதை மூடிய உறையில் நேரடியாக நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே எழுதிவைத்திருப்பதைக் குழந்தையிடம் மறுபடி கேட்கக் கூடாது.

ரகசியம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அறிக்கை ஊர் முழுதும் சுற்றிவிடும் என்ற பயம் நியாயமானது. எதிர்த் தரப்புக்குத் தெரியாமல் மறைக்கவும் சொல்லவில்லை. சாரத்தை அவர்களுக்குச் சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். 99ஆம் பிரிவே அதற்கு வழி சொல்கிறது. எதிர்த் தரப்பு என்று எழுதிக்கொண்டே போகிறேன். அது என் மகன். அவனுக்கும் அநியாயம் நடக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் என் மருமகளுக்கும் அந்த நியாயம் வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து, இரவு பஸ் ஏறி வந்து, தேதி வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறாள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012இலேயே 33ஆம் பிரிவில், குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சி சொல்ல அழைக்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டது. அந்தக் கருணை ஒரு வகைக் குழந்தைகளுக்கு மட்டும் போதுமா? அப்பா அடித்த குழந்தைக்கு எத்தனை முறை சொன்னாலும் வலிக்காது என்று யார் முடிவு செய்தது?

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு எமிஸ் எண் கொடுக்கிறோம். கன்னியாகுமரியில் படித்த பிள்ளை கிருஷ்ணகிரிக்கு மாறினாலும் எண்ணைத் தட்டினால் விவரம் வந்துவிடும். இலவச மிதிவண்டி வாங்கியதா என்பதுகூடத் தெரியும். நீதிமன்றத்தில் என் பேத்தியின் வழக்குக்கு ஒரு நீண்ட எண். குழுவில் வேறோர் எண். சாலைக்கு இந்தப் பக்கத்து எண்ணுக்கு அந்தப் பக்கத்து எண்ணைத் தெரியாது. ஆனால் நவம்பர் 14 அன்று இரு தரப்புக்கும் ஒருவரையொருவர் நன்றாகவே தெரிகிறது. ஒரே மேடை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி, மாற்றி மாற்றிப் பொன்னாடை. குழந்தை நேய நீதிமன்றம் என்று சுவரில் முயலும் மானும் வரைந்திருக்கிறார்கள். அந்த முயலுக்கு எதிரே போட்ட பெஞ்சில் காலை பத்தரை முதல் மாலை நாலரை வரை உட்கார்ந்திருந்து, பெயர் கூப்பிடாமலே திரும்பிய நாள்கள் நாலு. அன்றெல்லாம் பள்ளிக்கு விடுப்பு. விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ன எழுதுவது என்று கேட்டாள். காய்ச்சல் என்று எழுதச் சொன்னேன். ஆசிரியையாக இருந்துகொண்டு பொய் எழுதச் சொன்னேன்.

மன்னியுங்கள். வேண்டுகோள் எழுத உட்கார்ந்தவள் எங்கோ போய்விட்டேன்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கும், 23ஆம் பிரிவு மாநில அரசுக்கும் விதிகள் வகுக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கின்றன. 5ஆம் பிரிவு, சமூக நல அமைப்புகளை நீதிமன்றத்தோடு இணைக்க இரண்டு பேரும் கலந்து பேசலாம் என்று 1984இலேயே வழி திறந்துவைத்திருக்கிறது. நீங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குச் சுற்றறிக்கை எழுதினால் போதும். நீதிமன்றம் கேட்க வேண்டும். குழு அனுப்ப வேண்டும். குழந்தையை விட்டுவிட வேண்டும். உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

எங்களுக்கு அடுத்த வாய்தா வருகிற மாதம். சுற்றறிக்கை அதற்குள் வராது என்று எனக்குத் தெரியும். அதுவரை, உறையைச் சாலை தாண்டிக் கொண்டுபோக ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். அரக்கு வைத்து முத்திரையிட்டுக் கொடுத்தால் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். பிரித்துப் பார்க்கமாட்டேன். அதில் எழுதியிருப்பதை ஒன்பது முறை காதால் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு குழந்தையின் பாட்டி