ரோஹிங்கியா அகதிகளை மியன்மாருக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
(பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர்)
வியாசர்பாடி, சென்னை – 39.

பெறுநர்
மாண்புமிகு வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்கள்,
இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: மியன்மாரில் குடியுரிமை பறிக்கப்பட்ட ரோஹிங்கியா மக்களை அந்நாட்டுக்குத் திருப்பி அனுப்பாதிருக்கவும், அவர்களது குடியுரிமைப் பிரச்சினையை மியன்மாருடனான பேச்சுகளில் எழுப்பவும் கோருதல் – தொடர்பாக.

மாண்புமிகு ஐயா,

வணக்கம். என் தாத்தா பர்மாவின் பெகு நகரில் பிறந்தவர். அவருடைய அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனவர். தாத்தா காலத்தில் குடும்பம் ஒரு சின்ன மளிகைக் கடை வைக்கும் அளவுக்கு வந்திருந்தது. ஆனாலும் பிறந்த ஊரிலேயே அவர் கையில் இருந்தது வெளிநாட்டவர் என்று பதிவு செய்த சான்றுதான். எஃப்.ஆர்.சி. என்று எங்கள் வீட்டில் இன்றும் அதைச் சொல்வோம். 1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடையும் போய்க் கல்லாவும் போன பிறகு தாத்தா குடும்பத்தோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்.

இங்கே வந்ததும் தாயகம் திரும்பியவர் என்று இந்திய அரசு ஒரு சான்று கொடுத்தது. குடியிருக்க இடம், ரேஷன் அட்டை, பிற்பாடு என் படிப்பு, என் ஆசிரியர் வேலை எல்லாம் அந்த ஒரு காகிதத்திலிருந்து முளைத்தவை. நடந்துபோன கதையை ஒரு மனுவில் ஏன் சொல்கிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். எங்களை வெளியே தள்ளிய அதே ராணுவ ஆட்சிதான் சில ஆண்டுகள் கழித்து, ரக்கைன் (பழைய பெயர் அரக்கான்) மாநிலத்து முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களைத் தள்ளத் தொடங்கியது. எங்களுக்குக் கப்பல் வந்து சேர ஒரு நாடு இருந்தது. அவர்களுக்கு இல்லை.

அவர்கள் வங்காளிகள், வந்தேறிகள் என்று மியன்மார் அரசு திரும்பத் திரும்பச் சொல்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் சிட்டகாங் பக்கமிருந்து வயல் வேலைக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டிஷார் அரக்கானைப் பிடிப்பதற்கு முன்பே, 1799-இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் அங்குள்ள முஸ்லிம்கள் தங்களை 'ரூயிங்கா' என்று அழைத்துக்கொள்வதாக எழுதி வைத்திருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகும் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள், நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 1960-களின் தொடக்கத்தில் ரங்கூன் வானொலியில் அவர்கள் மொழியில் நிகழ்ச்சியே ஒலிபரப்பானது. வந்தேறியின் மொழியில் எந்த அரசாவது வானொலி நடத்துமா?

அப்புறம் வந்தது 1982-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். 1823-க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்த இனத்தவர் மட்டுமே பிறப்பால் குடிமக்கள் என்றது அது. முதல் ஆங்கிலேய-பர்மியப் போர் 1824-இல் தொடங்கியதால்தான் அந்த ஆண்டுக்கணக்கு. எந்த இனம் மண்ணின் இனம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் அரசே வைத்துக்கொண்டது. அரசு ஏற்கும் 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா என்ற பெயர் கிடையாது. 1989-இல் புதிய அட்டை தருவதாகப் பழைய தேசியப் பதிவு அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். பெரும்பாலானோருக்குப் புதியது வரவே இல்லை. 1995 முதல் 'வெள்ளை அட்டை' என்று தற்காலிகமாக ஒன்று கொடுத்தார்கள். அதை வைத்து 2010 தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். 2015-இல் அதையும் செல்லாது என்று திரும்பக் கேட்டார்கள். அதே ஆண்டு நடந்த தேர்தலில், ஆளுங்கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்தில் இருந்த ரோஹிங்கியா ஒருவரே வேட்பாளராக நிற்க முடியாமல் போனார்.

அட்டை இல்லாதவன் பக்கத்து ஊருக்குப் போகவும் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு அனுமதி, வடக்கு ரக்கைனின் மாங்டோ, புத்திடாங் பகுதிகளில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்ற விதி. 1978-இல் இரண்டு லட்சத்துக்கும் மேல், 1991-92-இல் சுமார் இரண்டரை லட்சம் பேர் எல்லையான நாஃப் ஆற்றைத் தாண்டி வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். 2012 கலவரத்துக்குப் பிறகு ரக்கைனின் தலைநகரான சித்வே பக்கம் சுமார் 1,40,000 பேர் முகாம்களில் அடைபட்டார்கள்.

2017 ஆகஸ்ட் 25-இல் ஆர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக் குழு சுமார் 30 காவல் சாவடிகளைத் தாக்கியது. அதே நாட்களில் கா மாங் செய்க் பகுதியில் 99 பேர் வரை இந்துக்களை அந்தக் குழு கொன்றதாக ஆம்னெஸ்டி அமைப்பு பதிவு செய்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு மனு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ராணுவம் அந்தக் குழுவிடம் மட்டும் பழிதீர்க்கவில்லை, ஊர் ஊராக எரித்தது. 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். முதல் ஒரு மாதத்தில் மட்டும் குறைந்தது 6,700 பேர் கொல்லப்பட்டதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கணக்கிட்டது. இன் டின் என்ற ஊரில் பத்து ஆண்களைக் கயிற்றால் கட்டி மண்டியிட வைத்த படம் வெளியே வந்தது. அந்தப் பத்துப் பேரும் கொல்லப்பட்டார்கள். அதைத் துப்பறிந்த இரண்டு நிருபர்கள் 500 நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். கொலைக்காகப் பத்தாண்டு தண்டனை பெற்ற ஏழு ராணுவத்தினர் ஓராண்டுகூட முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். செய்தி எழுதியவர்களைவிடக் கொன்றவர்கள் குறைந்த நாள் உள்ளே இருந்த நீதி அது.

காம்பியா என்ற சின்ன நாடு 2019-இல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2020 ஜனவரி 23 அன்று 17 நீதிபதிகளும் ஒருமனதாக, இந்த மக்களை இனப்படுகொலையிலிருந்து காக்க வேண்டும் என்று மியன்மாருக்கு இடைக்கால உத்தரவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன மாறியது? 2021-இல் ராணுவம் ஆட்சியையே கைப்பற்றியது. 2024-இல் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்து, குடியுரிமை தராத ரோஹிங்கியா இளைஞர்களையே பிடித்துக்கொண்டு போனது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று மாங்டோவிலிருந்து தப்பி நாஃப் ஆற்றங்கரையில் நின்ற கூட்டத்தின் மேல் ட்ரோன் தாக்குதல் நடந்தது. உயிர் பிழைத்தவர்கள், ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் ரக்கைன் இன ஆயுதக் குழுவான அரக்கான் படையைக் குற்றம் சாட்டினார்கள், அது மறுத்தது. டிசம்பரில் மாங்டோ அந்தப் படையின் கைக்குப் போனது.

ஐயா, இனி நம் நாட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2017-இல் மத்திய அரசு, சுமார் 40,000 ரோஹிங்கியாக்கள் இங்கே இருப்பதாகவும் அவர்களை வெளியேற்றப் போவதாகவும் கூறியது. 2018 அக்டோபரில் அசாமின் சில்சாரில் அடைத்து வைத்திருந்த ஏழு பேரை மணிப்பூரின் மோரே எல்லையில் மியன்மாரிடம் ஒப்படைத்தோம். ஜம்முவில் பிடித்து வைக்கப்பட்டவர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் வெளியேற்றத்துக்குத் தடை விதிக்கவில்லை. ஆனால் உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக் கூடாது என்றது. உரிய நடைமுறை என்றால், இவர் எங்கள் குடிமகன்தான் என்று அந்த நாடு உறுதி செய்ய வேண்டாமா? 1982 முதல் இல்லை என்று சொல்லும் நாடு எப்படி உறுதி செய்யும்? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இவர்களின் ஊர்களில் பெரும்பாலானவை இப்போது தலைநகர் நேப்பிடாவில் இருக்கும் மியன்மார் அரசின் ஆட்சிக்குள்ளேயே இல்லை. யாரிடம் ஒப்படைப்பது?

2025 மே மாதம் சிலரைக் கப்பலில் கொண்டுபோய் அந்தமான் கடலில் இறக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் விசாரிப்பதாக அறிவித்தார். உச்ச நீதிமன்றமோ ஆதாரம் எங்கே என்று கேட்டது. நடந்ததா இல்லையா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தங்கள் அமைச்சகம் தெளிவாக ஒரு விளக்கம் தந்தால் நன்றாக இருக்கும்.

கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் 2012 முதல் சில ரோஹிங்கியா குடும்பங்கள் இருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு அங்கே பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் பாடம் சொல்லிக்கொடுத்தேன். இங்கேயே பிறந்து, நம் பிள்ளைகளைப் போலவே தமிழ் பேசும் ஒரு சிறுமி ஏதோ ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, "மிஸ், நாடுன்னு போட்டிருக்கு, என்ன எழுதுறது?" என்று கேட்டாள். முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள் நான், பதில் தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டேன். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்பதால் நம் சட்டப்படி அவள் பிறப்பால் இந்தியக் குடிமகள் ஆக முடியாது. மியன்மாரும் அவளை ஏற்காது. என் தாத்தாவின் சான்றிலாவது, வெளிநாட்டவர் என்று எழுதினாலும், எந்த நாட்டவர் என்றும் இருந்தது.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். மியன்மாரில் அவர்களது குடியுரிமை உறுதியாகும் வரை ஒருவரையும் அங்கே அனுப்பக் கூடாது. குற்றம் செய்தவர் இருந்தால் அவர்மேல் வழக்குப் போடுங்கள். ஒருவர் செய்ததற்காகக் கூட்டத்தையே அனுப்ப வேண்டாம். 2015 ஜனவரி 9 வரை இங்கு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025-இல் அரசு விலக்குக் கொடுத்தது. தமிழர்களாகிய எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஐ.நா. அகதிகள் ஆணைய அட்டை வைத்திருக்கும் ரோஹிங்கியாக்களுக்கும் அதே போன்ற ஓர் ஆணையைப் பிறப்பிக்கும்படி உள்துறை அமைச்சகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்திடவில்லை, உண்மைதான். ஆனால் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு குடிமகன் என்று சொல்லவில்லை, எந்த மனிதரும் என்றுதான் சொல்கிறது. சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

ரக்கைனில் பேசும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. சித்வே துறைமுகத்தை நாம் கட்டினோம். திரும்பி வருபவர்களுக்காக மாங்டோவில் 250 வீடுகளைக் கட்டி 2019-இல் ஒப்படைத்தோம். அந்த வீடுகளில் குடியேற வேண்டியவர்களுக்குத்தான் அந்த நாட்டில் குடியுரிமை இல்லை. 2018 நவம்பரிலும் 2019 ஆகஸ்டிலும் வங்காளதேச முகாம்களிலிருந்து அழைத்துப்போக ஏற்பாடு செய்தபோது ஒருவரும் கிளம்பவில்லை. முதலில் குடியுரிமையைக் கொடுங்கள் என்றார்கள். நேப்பிடாவுடனோ ரக்கைனை ஆள்பவர்களுடனோ அடுத்து பேசும்போது, துறைமுகத்தோடும் சாலையோடும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பேச்சில் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இடம்: சென்னை – 39

இணைப்பு: என் தாத்தாவின் எஃப்.ஆர்.சி. நகல் – ஒரு தாள்.