கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் பேசுவது வெறும் வதந்தி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் ஊர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) எந்தப் பல்கலைக்கழகம் எந்த கான்ஃபரன்ஸுக்குத் தாவப்போகிறது என்று ரசிகர்கள் இராப்பகலாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. வேலை இல்லாதவர்கள் கிளப்பிவிடும் வதந்தி என்கிற தொனியில் அது இருந்தது. நான் பன்னிரண்டு வருடமாக ஒரிகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்கிற சிறிய கல்லூரி ஊரில் இருக்கிறேன். அந்த வதந்திகளில் ஒன்று நிஜமானபோது இந்த ஊர் எப்படி ஆடிப்போனது என்று நேரில் பார்த்தவன் என்பதால், அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பதினைந்து வருடக் கதையைப் புரட்டிப் பாருங்கள், ரசிகர்களின் பேச்சு பொய்த்த அளவுக்குப் பெரிய நாற்காலிகளில் இருந்தவர்களின் அறிக்கைகளும் பொய்த்திருக்கின்றன. அப்படியிருக்க ஒரு பக்கத்தை மட்டும் வதந்தி என்பது நியாயமா?

இந்த விளையாட்டைத் தெரியாத வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே கான்ஃபரன்ஸ் என்றால் மாநாடு இல்லை, பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆட வைத்துக்கொண்ட கூட்டணி. பிக் டென் என்கிற கூட்டணி 1896-ல் பிறந்தது. மேற்குக் கரையின் பேக்-12 கூட்டணிக்கு மூலம் 1915-ல் தொடங்கியது. அக்கம்பக்கத்து மாநிலங்கள், வருடா வருடம் அதே எதிரணி, தாத்தா திட்டிய அணியையே பேரனும் திட்டுவான், இதுதான் அதன் உயிர். எங்கள் ஊரின் ஒரிகன் ஸ்டேட்டும் யூஜின் ஊரின் ஒரிகன் பல்கலைக்கழகமும் 1894-லேயே மோதத் தொடங்கிவிட்டன. இரண்டு ஊருக்கும் நடுவே காரில் ஒரு மணி நேரம் கூட இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு அணி, தம்பி மறு அணி என்று இருப்பது இங்கே சாதாரணம்.

இதெல்லாம் மாறியதற்கு வேர் 1984-ல் இருக்கிறது. அதுவரை எந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டலாம், ஒரு அணி எத்தனை முறை திரையில் வரலாம் என்பதையெல்லாம் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்புதான் தீர்மானித்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 7-2 என்று வென்றன. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் ஒயிட், ஒரு காலத்தில் தானே கல்லூரி ஃபுட்பால் நட்சத்திரமாக இருந்தவர். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒளிபரப்பு உரிமை பல்கலைக்கழகங்களின் கைக்கு வந்தது, அவை கான்ஃபரன்ஸாகச் சேர்ந்து மொத்தமாக விற்கத் தொடங்கின, அப்புறம் கூட்டணி என்பது பக்கத்து ஊர் உறவாக இல்லாமல் தொலைக்காட்சிக்கு விற்கிற சரக்காக மாறிப்போனது. 1914 முதல் இருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996-ல் கலைந்தது. 2022-ல் பிக் டென், ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. என்கிற மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடும் போட்ட ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கும் மேல் என்று செய்தி வந்தது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் அக்கம்பக்கம் என்கிற சொல்லுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

சரி, வதந்திக்கு வருகிறேன். 2021 ஜூலை 21 அன்று, பிக் 12 என்கிற கூட்டணியில் இருந்த டெக்சஸும் ஒக்லஹோமாவும் தென்கிழக்கு மாநிலங்களின் கூட்டணியான எஸ்.இ.சி.க்குப் போகப் பேசிக்கொண்டிருக்கின்றன என்று ஹூஸ்டன் நாளிதழ் ஒன்று செய்தி போட்டது. அன்று எஸ்.இ.சி.யின் பருவத்துக்கு முந்தைய பத்திரிகையாளர் சந்திப்பு நடந்துகொண்டிருந்தது, அங்கே இருந்தவர்களுக்கே தூக்கிவாரிப் போட்டது. பத்து நாளுக்குள் அது உண்மையாகிவிட்டது. உடனே பிக் டென், அட்லான்டிக் கரையின் ஏ.சி.சி., பேக்-12 ஆகிய மூன்று கான்ஃபரன்ஸ்களும் சேர்ந்து ஆகஸ்ட் 24 அன்று தங்களுக்குள் ஒரு புரிந்துணர்வை அறிவித்தன. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை போதும் என்றார்கள். பத்து மாதம்தான் ஆனது. 2022 ஜூன் 30 அன்று அதே பிக் டென், அதே பேக்-12-இலிருந்து லாஸ் ஏஞ்சலீஸின் இரண்டு பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யையும் யு.சி.எல்.ஏ.வையும் எடுத்துக்கொண்டது. லாஸ் ஏஞ்சலீஸ் போய்விட்டால் மேற்குக் கரையின் தொலைக்காட்சிச் சந்தையில் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த ஒரு நாளில் பேக்-12-இன் முதுகெலும்பு முறிந்துவிட்டது என்று இங்கே சாமானிய ரசிகன் கூடச் சொன்னான். மேலே இருந்தவர்கள் இன்னும் ஒரு வருடத்துக்கு எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமையை நான் மறக்க மாட்டேன். ஒரு வாரத்துக்கு முன்புதான் கொலராடோ பிக் 12-க்குப் போயிருந்தது. பேக்-12 ஆட்டங்களை ஒளிபரப்ப ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம் மேசையில் இருந்தது, மிச்சம் இருந்த ஒன்பது பல்கலைக்கழகங்களும் வெள்ளிக்கிழமை காலை கூடிக் கையெழுத்துப் போடப்போகின்றன என்று முந்தின இரவு செய்தி கசிந்தது. அதை நம்பி நானே பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய், "கவலைப்படாதீர்கள், நாளைக்குக் கையெழுத்தாகிவிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரிகன் ஸ்டேட்டின் ரீசர் ஸ்டேடியத்துக்குப் போகத் தொடங்கியவர் அவர், இன்றுவரை அதே பகுதியில்தான் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார். மறுநாள் நடந்தது வேறு. ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. இருட்டுவதற்குள் ஐந்து போயாயிற்று. செப்டம்பர் 1-ல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஏ.சி.சி.க்குப் போயின. பன்னிரண்டில் மிஞ்சியது எங்கள் ஒரிகன் ஸ்டேட்டும் பக்கத்து மாநிலத்து வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கத்தைப் பெரிய செலவில் புதிதாகக் கட்டி முடித்திருந்த வருடம் அது. பெரியவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அவர்களே கடைசி நிமிஷம் வரை ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லவில்லை, உனக்கு எப்படித் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று யோசித்துப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழகங்கள், மக்கள் வரிப்பணமும் மாணவர் கட்டணமும் போகும் இடங்கள். நூறு வருட உறவை வெட்டிக்கொள்ளும் முடிவை அவை கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கின்றன. அதனால்தான் ரசிகர்கள் தாங்களே துப்பறிய வேண்டியிருக்கிறது. ஆட்சிக் குழு கூடுவதற்கு முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம் இருப்பதால், திடீர்க் கூட்டம் ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று அதைத் திறந்து பார்க்கிறார்கள். தடகளத் துறைத் தலைவர் போகும் தனி விமானம் எங்கே இறங்குகிறது என்று தேடுகிறார்கள். வெளியேறும் கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தப் பக்கங்களை வக்கீல் மாதிரி வரிவரியாகப் படிக்கிறார்கள். 2023 கோடையில் கொலராடோ ஆட்சிக் குழுவின் கூட்ட அறிவிப்பைப் பார்த்தே விஷயம் இன்னதென்று பலர் புரிந்துகொண்டார்கள். இதை வெட்டிப்பேச்சு என்று எப்படிச் சொல்வது? பொதுச் சொத்தைப் பற்றிக் குடிமக்கள் அக்கறையாகக் கேட்கும் கேள்வி என்றுதான் நான் நினைக்கிறேன்.

ரசிகர்கள் சொல்வதெல்லாம் நடந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. 2010-ல் டெக்சஸ், ஒக்லஹோமா உட்பட ஒரு கூட்டமே மேற்கே வந்து பேக்-16 ஆகிவிடும் என்றார்கள், வந்தது கொலராடோவும் யூட்டாவும்தான். பிக் 12 செத்துவிட்டது என்று 2011-லும் சொன்னார்கள், 2021-லும் சொன்னார்கள், அது இன்று 16 அணிகளோடு நிற்கிறது. தவறான தகவலைத் தெரிந்தே பரப்புகிறவர்களும் உண்டு, செய்தியாளர்களையும் விளையாட்டு வீரர்களையும் கேவலமாகத் திட்டுகிறவர்களும் உண்டு, அவர்களுக்காக நான் பேச வரவில்லை. ஆனால் பல கசிவுகள் ரசிகனிடமிருந்து கிளம்புவதே இல்லை. பேரம் பேசும் தரப்புகளே, எதிர்ப்பு எவ்வளவு வரும் என்று நூல் விட்டுப் பார்க்கவோ மறுதரப்பை நெருக்கவோ வெளியே விடுகின்றன. இந்தத் தகவல் வெளியே வந்ததால் யாருக்கு லாபம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், உங்கள் வாசகருக்கு விஷயம் தெளிவாகிவிடும்.

ரசிகர்களின் மனநிலையும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை, அதையும் எழுதுங்கள். டல்லஸின் எஸ்.எம்.யூ. ஒன்பது வருடம் ஏ.சி.சி.யின் தொலைக்காட்சிப் பணமே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு உள்ளே போனது, ஒரே வாரத்தில் அதன் ஆதரவாளர்கள் 10 கோடி டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். 1987-ல் விதிமீறலுக்காகத் தண்டிக்கப்பட்டு ஆட்டத்தையே நிறுத்த வேண்டி வந்த பல்கலைக்கழகம் அது, மறுபடி பெரியவர்கள் வரிசையில் இடம் கிடைத்தபோது அவர்கள் கொண்டாடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. டெக்சஸ் எஸ்.இ.சி.க்கு வருகிறது என்றதும் அங்கே ஏற்கெனவே இருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம் ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் 2011-க்குப் பிறகு நின்றுபோயிருந்த அந்த இருவரின் ஆட்டம் 2024 நவம்பர் 30 அன்று திரும்ப நடந்தபோது ஸ்டேடியம் பிதுங்கியது. டெக்சஸ் 17-7 என்று வென்றது. பணத்துக்காக உடைத்ததைப் பணமே ஒட்டவைத்த அபூர்வமான இடம் அது. எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஒக்லஹோமாவும் ஒக்லஹோமா ஸ்டேட்டும் வருடா வருடம் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் 2023 நவம்பரோடு நின்றுவிட்டது. ஒரிகனோடு எங்கள் ஊர் அணி ஆடும் ஆட்டம் நவம்பர் கடைசியில், குளிரில், பருவத்தின் உச்சமாக நடந்துவந்தது. 2024-ல் அதை செப்டம்பர் வெயிலில், எத்தனையோ ஆட்டங்களில் ஒன்றாக ஆடினார்கள். அரங்கம் நிறைந்துதான் இருந்தது, ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெரியவர் பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

இன்னொன்று. இங்கே படிக்கும் நம் பிள்ளைகளில் நீச்சல், டென்னிஸ், வாலிபால், ஓட்டம் என்று ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபுட்பால் அணி வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான் ஆடும், பெரும்பாலும் சனிக்கிழமை, போக வரத் தனி விமானம். மற்ற ஆட்டக்காரர்களுக்கு அப்படியா? அட்லான்டிக் கரையின் பெயரையே வைத்திருக்கும் கூட்டணியில் பசிஃபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டு இருக்கிறது, நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் லாஸ் ஏஞ்சலீஸின் யு.சி.எல்.ஏ.வும் ஒரே கூட்டணி. மூன்று மணி நேர வித்தியாசம். வாரநாளில் நாட்டைக் குறுக்கே கடந்து ஆடிவிட்டு வந்து மறுநாள் பரீட்சை எழுதுகிற பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. பெர்க்லியை விட்டுப் போனதற்காக யு.சி.எல்.ஏ. வருடத்துக்கு 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா ஆட்சிக் குழு முடிவு செய்தது. பல்கலைக்கழகங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்ள வழி கண்டுபிடித்தார்கள், அந்தப் பெண்ணின் தூக்கத்துக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த சுற்றுக்கான பேச்சு ஏ.சி.சி.யைச் சுற்றியே ஓடுகிறது, ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் போய்விடும் என்று. இதைச் செய்தியாகப் போடும்போது தயவுசெய்து கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டும் ஏ.சி.சி.மேல் வழக்குப் போட்டன, 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. அதன்படி 2025-26-ல் வெளியேறக் கட்டணம் 16.5 கோடி டாலர், வருடத்துக்கு 1.8 கோடி குறைந்துகொண்டே வந்து 2030-31-ல் 7.5 கோடியில் நிற்கும். பிக் டென்னின் ஒளிபரப்பு ஒப்பந்தமும் பிக் 12-இன் ஒப்பந்தமும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் முடிகின்றன. ரசிகர்கள் 2030 என்று ஏன் மறுபடி மறுபடி சொல்கிறார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும். நாளைக்கே போகிறார்கள் என்று யாராவது சொன்னால், இந்தக் கட்டணத்தை யார் கட்டப்போகிறார்கள் என்று உங்கள் நிருபர் கேட்கட்டும். யாரும் எங்கும் போகவில்லை என்று கூட்டணித் தலைவர் சொன்னால், 2021-ல் கையெழுத்தில்லாமல் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று அவரிடமும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
கார்வாலிஸ், ஒரிகன்