முக்கோண மலைகளும் நம் பாறைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் நீர்வண்ண நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி வந்த கட்டுரை, நீலம் என்றால் சோகம், சிவப்பு என்றால் சினம் என்று நிறங்களுக்குப் பொருள் வகுத்திருந்தது. பள்ளியில் பல ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் அதை ஏற்க என்னால் இயலவில்லை.

நீர்வண்ணத்தில் உணர்வைக் கொண்டுவருவது நிறத்தைக் காட்டிலும் ஈரமே. நனைந்த தாளில் சாம்பல் நீலத்தைத் தொட்டுவைத்தால் அது விளிம்பின்றிப் பரவி, கிருஷ்ணகிரி அணைக்கு அப்பாலுள்ள மலைகள் மார்கழிக் காலைப் பனியில் கரைவதுபோல் தோன்றும். அதே நீலத்தைக் காய்ந்த தாளில் இழுத்தால் கோடை நண்பகலின் கூரிய விளிம்பு வந்துவிடும். ஆங்கிலேய நீர்வண்ண ஓவியர் தாமஸ் கிர்ட்டின் 1800-இல் தீட்டிய தேம்ஸ் ஆற்றங்கரைக் காட்சியில் மங்கிய அந்திக்கு நடுவே ஒரு சிறு வீடு மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்த ஓவியத்தின் தனிமை முழுவதும் அந்த வெள்ளைத் துளியில்தான் இருக்கிறது. வெள்ளைக்கு யார் என்ன பொருள் எழுதிவைத்தார்கள்?

ஒரு பொருள் தனித்து நின்று உணர்வைச் சொல்வதில்லை, நிலமும் பொழுதும் சேர்ந்த பிறகே சொல்லும் என்பது நம் திணை மரபு அறிந்த செய்தி. காடும் கார்காலமும் மாலையும் கூடும்போதுதான் முல்லையில் காத்திருத்தல் பிறக்கிறது.

அண்மையில் மாணவர் ஓவியப் போட்டி ஒன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். 'இயற்கைக் காட்சி' என்ற தலைப்புக்கு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இரண்டு முக்கோண மலைகள், நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை என்றே வரைந்திருந்தனர். சன்னலுக்கு வெளியே கோட்டை மலை மொட்டைப் பாறையாக நின்றுகொண்டிருந்தது. (தலைப்பைக் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.) 1792-இல், அன்று பாராமகால் எனப்பட்ட நம் வட்டாரத்தின் வழியே வந்த டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் இருவர் இராயக்கோட்டைக் குன்றை அதன் உருவத்திலேயே வரைந்து சென்றிருக்கிறார்கள்.

எனவே, போட்டி நடத்துவோர் அடுத்த முறை பிள்ளைகளை அணைக்கரைக்கோ மாந்தோப்புக்கோ அழைத்துச் சென்று, 'மா பூக்கும் தை மாதக் காலை' என்பதுபோல் பொழுதையே தலைப்பாகத் தர வேண்டுகிறேன். தாளையும் சற்றுத் தடிமனாகக் கொடுக்கட்டும். இந்த முறை கொடுத்த தாள் ஈரம் பட்டதும் நெளிந்து, வண்ணமெல்லாம் பள்ளத்தில் தேங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கிருஷ்ணகிரி.