காற்றடிக்கும் ஊரில் தொப்பிக்கு நாடா வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் எல்லா நாளிதழ்களிலும் ஓர் அறிவுரை வரும்: வெளியே போகும்போது தொப்பி போடுங்கள், குடை பிடியுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் எல்லைப் பக்கம் பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி என்று எங்கள் ஊர்களில் வெளிவேலை செய்பவர்களுக்கு அது பாதிதான் உதவும். இங்கே குடையை விரித்தால் கம்பி மடங்கிவிடும். தொப்பியோ தலையில் நிற்பதே இல்லை. அதனால், வேலையாட்களுக்குத் தொப்பி வாங்கிக் கொடுப்பவர்கள் அதில் தாடைக்குக் கீழே கட்டும் நாடா இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். நான் தையல் தொழில் செய்கிறவள். பிளவுஸ், பாவாடை, பள்ளிச் சீருடையோடு கேட்பவர்களுக்குத் தொப்பியும் தைத்துக் கொடுக்கிறேன்.

எங்கள் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்து இந்தப் பக்கம் வேகமாக வெளியே வருகிறது. முப்பந்தலைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை இந்தக் காற்று ஓயாது. அதே மாதங்களில் நாகர்கோவில் பக்கம் சாரல் விழும். பணகுடி, ராதாபுரம் பக்கம் வானம் வெளுத்து வெயில் காயும். காற்று மேலே படுவதால் சூடு உறைக்காது. வியர்வை வந்ததும் காய்ந்துவிடும், தண்ணீர் குடிக்கவும் தோன்றாது. சாயந்திரம் தலை பாரமாகி, கண் எரிந்து உட்காரும்போதுதான் எவ்வளவு வெயில் வாங்கியிருக்கிறோம் என்று தெரியும். காற்றுதான் அடிக்கிறதே, தொப்பி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு ஒன்றும் இங்கே உதவும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் தலையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் தொப்பி 40 கிலோமீட்டரில் பறந்துபோவது அதனால்தான். மாலுமிகள் காற்றை அளக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் 6-ஆம் படி என்பது மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். குடை பிடிப்பது கஷ்டமாகும் என்பதே அந்தப் படிக்குச் சொல்லும் அடையாளம். ஆடி மாதத்தில் எங்களுக்கு அது சாதாரணக் காற்று.

போன காற்றுக் காலத்தில் ரோட்டோரம் புல் வெட்டும் பெண்கள் சிலருக்கு ஓர் ஒப்பந்தக்காரர் தொப்பி கொடுத்திருந்தார். முன்னால் மட்டும் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும் வகை, ஆழமே இல்லாதது, தலையின் உச்சியில் சும்மா உட்கார்ந்திருக்கும். லாரி ஒன்று கடந்து போன வேகத்தில் ஒருத்தியின் தொப்பி எகிறி ரோட்டின் நடுவில் விழுந்தது. அவளும் யோசிக்காமல் பின்னாலேயே ஓடினாள். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தாள். அன்றைக்கே எல்லோரும் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்கள். “எக்கா, இது காத்துக்கு நிக்கவே மாட்டேங்கு, இனி எனக்கு வேண்டாம்” என்று அந்தப் பெண் என் கடையில் வந்து சொன்னாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர்கள் திரும்பவும் வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். துண்டு உச்சியை மறைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் நிழல் தராது.

அந்தத் தொப்பிகளைத் திருத்த முடியாது. சுற்றிலும் ஓரம் வைத்துப் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். எப்படித் தைத்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்ற ஊர்த் தையல்காரர்களுக்கும் உதவும்.

முதலில் அளவு. டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையின் மேடு வழியாகச் சுற்ற வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 21-லிருந்து 23 அங்குலத்துக்குள் வரும். எல்லோருக்கும் ஒரே அளவு என்று விற்கும் தொப்பி சின்னத் தலையில் சுழலும். சுழலுகிற தொப்பியைத்தான் காற்று முதலில் தூக்கும். ஏற்கெனவே வாங்கிய தொப்பி தளர்வாக இருந்தால் உள்பட்டிக்குப் பின்னால் பழைய குளியல் துண்டைப் பட்டையாக வெட்டி வைத்துத் தைத்துவிடலாம். அது வியர்வையையும் உறிஞ்சும், வழுக்கவும் வழுக்காது. இறுக்கமாகப் போட்டால் பறக்காது என்று நினைத்துச் சின்ன அளவாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மதியத்துக்குள் நெற்றியில் தழும்பு விழுந்து தலைவலிதான் மிஞ்சும்.

அடுத்து ஆழம். தொப்பி காதுக்குச் சற்று மேலே வரை இறங்க வேண்டும். ஓரம் 3 அங்குலம் போதும். அதற்கு மேல் அகலமானால் நிழல் கூடும், காற்று புகுந்து தூக்குவதும் கூடும். ஓரத்துக்குள் கேன்வாஸ் வைத்து, அரை அங்குலத்துக்கு ஒரு தையல் வரிசையாகச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் அது மடிந்து கண்ணை மறைக்காது.

நாடாதான் முக்கியம். நிறைய தொப்பிகளில் காதுப் பக்கத்துக்கு ஒரு கயிறு என்று இரண்டே இடத்தில் கட்டியிருப்பார்கள். முன்னாலிருந்து காற்று அடித்தால் தொப்பி அந்த இரண்டு இடத்தையும் அச்சாக வைத்துப் பின்பக்கம் புரண்டு முதுகில் தொங்கும், கயிறு தொண்டையை இறுக்கும். நான் காதுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒவ்வொரு பக்கமும் இரண்டு இடத்தில் தைத்து, காது மடலுக்குக் கீழே இரண்டையும் சேர்த்துவிடுவேன். ஹெல்மெட்டின் வார் அமைந்திருப்பதும் இப்படித்தான். அப்போது முன் ஓரமும் எழும்பாது, பின் ஓரமும் எழும்பாது.

எலாஸ்டிக் வேண்டாம். தாடையை அறுக்கும், வெயிலிலும் வியர்வையிலும் சீக்கிரம் செத்துவிடும். நைலான் கயிறு முடிச்சில் நிற்காது. சாதாரண பாவாடை நாடாவே போதும், பருத்தி. இரண்டு நாடாவையும் பெரிய கோட் பட்டன் ஒன்றின் துளைகளில் கோத்துவிட்டால் பட்டனை மேலே தள்ளினால் இறுகும், கீழே இழுத்தால் தளரும். தாடைக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும். செலவு என்று பார்த்தால் நாடாவும் பட்டனும் சேர்த்துச் சில ரூபாய்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கட்டாயம் கவனம் வேண்டும். கதிரடிக்கும் மெஷின், பெல்ட் ஓடும் மோட்டார் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கும், குழந்தைகளுக்கும், மரம் ஏறுபவர்களுக்கும் நாடாவின் ஒரு முனையை நேராகத் தைக்கக் கூடாது. அங்கே டிச் பட்டன் வைக்க வேண்டும். எதிலாவது மாட்டி இழுத்தால் பட்டன் விட்டுவிடும், கழுத்து தப்பும்.

கொண்டை போடும் பெண்களுக்குக் கடைத் தொப்பி உட்காரவே உட்காராது. அவர்களுக்குப் பின்பக்கம் ஒரு வெட்டு விட்டு, வெட்டின் இரு ஓரத்திலும் நாடா வைத்தால், கொண்டை வெளியே வந்து தொப்பிக்கு அதுவே பிடிமானமாகிவிடும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெண்கள் தொப்பியையும் கூந்தலையும் சேர்த்து நீள ஊசியால் குத்திக்கொள்வார்களாம். பக்கத்தில் நிற்பவர்கள் மேல் குத்துகிறது என்று சிகாகோ நகரில் 1910-ல் 9 அங்குலத்துக்கு மேல் ஊசி கூடாது என்று விதியே போட்டார்கள். நமக்கு அவ்வளவு ஆபத்து வேண்டாம். உள்பட்டியில் நூலால் இரண்டு வளையம் போட்டு, அதன் வழியாகச் சாதாரணக் கொண்டை ஊசியைச் செருகினாலே அசையாது.

நாடா வைத்துக் கொடுத்தால் ஆண்கள் சிலர் கூச்சப்படுகிறார்கள். சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்கிறார்கள். நம் ராணுவத்தின் கூர்க்கா படையினர் ஒருபக்கம் சரித்துப் போடும் தொப்பியைப் பாருங்கள் அண்ணாச்சி, அதற்கும் தாடை வார் உண்டு என்று சொல்வேன். வியட்நாம் வயல்களில் வேலை செய்பவர்கள் போடும் கூம்புத் தொப்பியிலும் தாடைக்குக் கீழே துணி நாடா கட்டித்தான் இருக்கும். காற்றிலும் வெயிலிலும் நாள் முழுக்க நிற்பவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது.

ஹெல்மெட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டும்போது பக்கவாட்டுக் காற்று பைக்கையே சாய்க்கும். அங்கேயும் வாரைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு வாரால் தலையோடு இறுக்கிக் கட்டியதைத்தான் பாதுகாப்புத் தலைக்கவசம் என்கிறது. வாரைப் போடாத ஹெல்மெட் விழும் முதல் நொடியிலேயே தலையை விட்டுப் போய்விடும்.

சரி, என் வேண்டுகோளுக்கு வருகிறேன். தூய்மைப் பணியாளர்கள், நூறு நாள் வேலைக்கு வருகிறவர்கள், சாலை வேலை செய்பவர்கள், வெயிலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர்கள் என்று பலருக்கும் மொத்தமாகத் தொப்பி வாங்குகிறார்கள். நிறம் என்ன, மேலே என்ன எழுத்து அச்சடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஆர்டரில் விவரமாக இருக்கும். அதோடு நான்கு விவரம் சேர்த்தால் போதும்: சுற்றிலும் 3 அங்குல ஓரம், பக்கத்துக்கு இரண்டு இடத்தில் தைத்த பருத்தி நாடா, ஒரு முனையில் டிச் பட்டன், மூன்று அளவுகளில். ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டவர்கள் அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் நாடா தைக்கும் வேலையைக் கொடுக்கலாம். தொப்பி ஒன்றுக்குப் பத்து நிமிட வேலை. அடுத்த காற்றுக் காலம் வைகாசியில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் ஆர்டர் போடுபவர்கள் கண்ணில் படும்படி இதை வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
காவல்கிணறு பகுதி, திருநெல்வேலி மாவட்டம்.